முதுகில் இருக்கும் ஊறுகாய்

"என்னடி இது? கொழுக்கட்டையா, சமோசாவா?"

தட்டில் இருந்த மூன்று வெள்ளை முக்கோணங்களைப் பார்த்து அத்தை கேட்டார். சனிக்கிழமை காலை. மாமா சந்தைக்குப் போயிருந்தார். நான் சமையலறை மேசையில் ஈரக் கையோடு நின்றிருந்தேன்.

"சோறுதான் அத்தை. ஜப்பான்காரங்க இப்படிப் பிடிச்சு வைப்பாங்க. ஓனிகிரின்னு பேரு."

"சோத்தைத் தட்டுல போட்டுச் சாப்பிடாம இது என்ன விளையாட்டு?"

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தைக்குத் தெரியாது, இந்தச் சோற்று உருண்டை என் வாழ்க்கைக்குள் வந்ததே ஒரு விளையாட்டின் வழியாகத்தான். அதைச் சொல்ல வேண்டுமென்றால் 2006ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டு எனக்கு 15 வயது. சிறுநீரகக் கோளாறால் அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அப்பா லாரி ஓட்டுநர். வாரத்தில் ஐந்து நாள் நெடுஞ்சாலையில்தான் இருப்பார். வயதுப் பெண்ணைத் தனியாக விட முடியாது என்று என் தாய்மாமா ஈப்போவிலிருந்து என்னைக் கிள்ளானில் உள்ள தம் வீட்டுக்கு அழைத்து வந்தார். மூன்று அறை கொண்ட தாமான் வீடு. மாமா, அத்தை, அக்கா, இரண்டு தம்பிகள். அக்கா என்று நான் சொல்வது மாமாவின் மூத்த மகளை. அவருடைய அறையில் எனக்கும் ஒரு மெத்தை போட்டார்கள்.

வந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா படுத்த படுக்கையாக இருந்த இரண்டு வருடத்தில் எனக்குச் சமையல் கை வந்துவிட்டது. தோசை சுட்டு, சட்னி அரைத்து, எல்லோருக்கும் எடுத்து வைத்தேன். அத்தை எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் கலந்து குடித்தார். அன்றிலிருந்து காலைப் பலகாரம் என் பொறுப்பானது. ஒரு மாதத்தில் இரவுச் சமையலும் வந்து சேர்ந்தது. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா வாடகை கேட்கமாட்டார். அதனால் நானாகக் கட்டிவிட வேண்டும்.

அந்த அறையில் அக்காவின் புத்தக அலமாரி இருந்தது. அதில் ஒரு வரிசை முழுக்க ஜப்பானியச் சித்திரக்கதைகள். மங்கா என்று அக்கா சொல்லித் தந்தார். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். "முதல்ல கடைசிப் பக்கத்தைத் திற, அதுதான் முதல் பக்கம்" என்று அவர் சொன்னது எனக்குப் புதிராக இருந்தது. ஒவ்வொரு பாகமாகக் காசு சேர்த்து கோலாலம்பூரில் வாங்கி வருவார். அந்தத் தொடரின் பெயர் ஃப்ரூட்ஸ் பாஸ்கெட். பழக்கூடை என்று பொருள். நட்சுகி தகாயா என்ற பெண் எழுதி வரைந்தது. ஜப்பானில் 'ஹனா டு யூமே' என்ற இதழில் 1998 முதல் 2006 வரை தொடராக வந்தது. மொத்தம் 23 பாகங்கள். 2001இல் சிறுமியருக்கான மங்கா பிரிவில் கோடன்ஷா விருது பெற்றது. இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்த செய்தி. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், முதல் பாகத்தின் நாயகிக்கும் அம்மா இல்லை என்பதுதான்.

அவள் பெயர் தோரு ஹோண்டா. உயர்நிலைப் பள்ளி மாணவி. அப்பா அவள் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அம்மா கியோகோ கார் விபத்தில் போய்விட்டார். தாத்தா வீட்டில் ஒண்டியிருந்தவள், அந்த வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியதும் யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று ஒரு காட்டுப் பகுதியில் கூடாரம் போட்டுக்கொள்கிறாள். அம்மாவின் புகைப்படத்தோடு தனியே வாழ்கிறாள். மாலையில் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் வேலை. அந்த நிலம் சோமா என்ற பெரிய குடும்பத்துக்குச் சொந்தமானது. ஒரு நாள் மண் சரிந்து கூடாரம் புதைந்துவிட, சோமா குடும்பத்தைச் சேர்ந்த ஷிகுரே என்ற எழுத்தாளரின் வீட்டில் அவளுக்கு இடம் கிடைக்கிறது. பதிலுக்கு அவள் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சமையலறையோ குப்பை மேடு. வீட்டில் இருக்கும் ஆண்கள் யாருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. தோரு கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குகிறாள். மறுநாள் மேசையில் சுடச்சுடச் சோறு.

நான் புத்தகத்தை மூடிவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். இது யாரோ என்னைப் பார்த்து வரைந்தது போல் இருந்தது.

இனி அமானுஷ்யப் பகுதி. சோமா குடும்பத்தில் ஒரு சாபம் உண்டு. சீன ராசிச் சக்கரத்தின் 12 விலங்குகளும் அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரைப் பிடித்திருக்கின்றன. எதிர்பாலினத்தவர் யாராவது அவர்களைக் கட்டியணைத்தால் அவர்கள் அந்த விலங்காக மாறிவிடுவார்கள். எலி, மாடு, புலி என்று நம் நாட்டில் சீனப் புத்தாண்டு நேரத்தில் பேரங்காடி முழுக்கத் தொங்கும் அதே 12 விலங்குகள்தாம். அந்தப் பட்டியலில் பூனை இல்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதற்கொரு பழைய கதை இருக்கிறது. கடவுள் எல்லா விலங்குகளையும் விருந்துக்கு அழைத்தாராம். எலி பூனையிடம், விருந்து நாளைக்கு இல்லை, மறுநாள் என்று பொய் சொன்னதாம். பூனை தூங்கிவிட்டது. பந்தி முடிந்துவிட்டது.

தகாயா இந்தக் கதையைத்தான் தம் தொடரின் அடித்தளமாக வைத்திருக்கிறார். ஷிகுரே வீட்டில் எலியின் சாபம் பெற்ற யூகியும் இருக்கிறான், பூனையின் சாபம் பெற்ற கியோவும் இருக்கிறான். கியோ முரடன். எதற்கெடுத்தாலும் சண்டை. பந்தியில் இலை போடப்படாதவனின் கோபம் அது என்று எனக்கு உடனே புரிந்தது. சிறு வயதில் பூனையின் கதையைக் கேட்ட தோரு, நான் பூனை ஆண்டில் பிறந்தவளாக இருக்கிறேன் என்று அம்மாவிடம் அழுதவள். அந்தப் பூனையின் முன்னால்தான் பல வருடம் கழித்து அவள் சோற்றுக் கிண்ணத்தை வைக்கிறாள்.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். பழக்கூடை என்பது ஜப்பானியப் பிள்ளைகள் ஆடும் ஓர் ஆட்டம். வட்டமாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழத்தின் பெயர். பெயர் கூப்பிடப்பட்டதும் எழுந்து இடம் மாற வேண்டும். சிறுமி தோருவுக்கு மற்ற பிள்ளைகள் குறும்பாக 'ஓனிகிரி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். பழக்கூடையில் சோற்று உருண்டைக்கு ஏது இடம்? ஆப்பிள் கூப்பிடப்படுகிறது, ஆரஞ்சு கூப்பிடப்படுகிறது, அவள் உட்கார்ந்தே இருக்கிறாள். பின்னொரு நாள் அவள் தாத்தா வீட்டுக்குத் திரும்பிப் போன பிறகு, யூகியும் கியோவும் தேடி வந்து அவளைக் கூட்டிப் போகிறார்கள். கடைசியில் ஓனிகிரியையும் ஒருவர் கூப்பிட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது.

இன்னொரு இடமும் உண்டு. யூகியைப் பார்த்துப் பொறாமைப்பட்டுப் புழுங்கும் கியோவிடம் தோரு ஓனிகிரியை வைத்தே பேசுகிறாள். ஓனிகிரிக்கு உமெபோஷி என்று ஒரு ஊறுகாய் வைப்பார்கள். நம் ஊர் ஆசாம் போய் போன்ற ஒன்று, ஆனால் ஈரமாக, சுளீரென்ற புளிப்பும் உப்புமாக இருக்கும். ஒருவரிடம் உள்ள நல்ல குணம் அந்த ஊறுகாய் என்றால், அது அவர் முதுகில் ஒட்டியிருக்கிறது என்கிறாள் தோரு. அடுத்தவர் முதுகில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரிகிறது. நம் முதுகு நமக்குத் தெரியாது. அதனால் நாம் வெறும் வெள்ளைச் சோறு என்று நினைத்துக்கொள்கிறோம். உன் முதுகிலும் இருக்கிறது, எனக்குத் தெரிகிறது என்று கியோவிடம் சொல்கிறாள். அவன் முகம் சிவந்துபோகிறது.

இது நல்ல உவமை. எங்கள் அம்மா தயிர்ச்சோற்றைக் கையில் உருட்டி, கட்டை விரலால் நடுவில் குழி பறித்து, அதில் துளி நார்த்தங்காய் ஊறுகாய் வைத்துத் தருவார். அதனாலேயே எனக்கு அது சட்டென்று ஒட்டிக்கொண்டது. ஆனால் 15 வயதில் நான் அந்த உவமையைத் தவறாகப் புரிந்துகொண்டேன். என் முதுகில் ஓர் ஊறுகாய் இருக்கிறது, அதன் பெயர் சமையல், அதை எல்லோரும் பார்க்கும்படி நான் வைத்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

தோருவை ஒரு பாடநூலாக வைத்துக்கொண்டேன். முகம் சுளிக்காதே. உனக்கு எது வேண்டும் என்று சொல்லாதே. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடு. எஸ்.பி.எம். தேர்வு எழுதிய ஆண்டிலும் இரவு ஒன்பது மணிவரை பாத்திரம் கழுவிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தேன். தேர்வு முடிவு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அக்கா பல்கலைக்கழகம் போய், பட்டம் பெற்று, திருமணமாகிச் சிரம்பானில் குடியேறினார். தம்பிகள் இருவரும் பொறியியல் படித்தார்கள். அப்பா வேறொரு குடும்பம் அமைத்துக்கொண்டார். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. நான் ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்கு எழுத்தராகச் சேர்ந்தேன். அந்த வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் எனக்கு அழைப்பு வரும். "நம்ம புள்ள கைப்பக்குவம் யாருக்கு வரும்" என்பார்கள். நான் பின்கட்டில் பெரிய சட்டியோடு நின்றிருப்பேன். அந்தப் பாராட்டில்தான் நான் உயிர் வாழ்ந்தேன் என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பதினைந்து வருடத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட நான் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொல்லி யாரும் தடுக்கவுமில்லை, அழைக்கவுமில்லை. நான் எழுந்து நின்றே பழகிவிட்டதால், நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லோரும் வீட்டில் அடைந்தோம். ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் தொடரை 2001இல் ஒரு முறை 26 பாகங்களாகத் தொலைக்காட்சிக்கு எடுத்திருந்தார்கள். கதை அப்போது முடிந்திருக்கவில்லை. 2019இல் முதலிலிருந்து புதிதாகத் தொடங்கி, 2021வரை 63 பாகங்களில் முழுக்கதையையும் சொன்னார்கள். அதன் இரண்டாம் பருவம் ஊரடங்கின்போது வந்துகொண்டிருந்தது. அக்கா சிரம்பானிலிருந்து கைப்பேசியில், "பார்த்தியா, பார்த்தியா" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் பார்ப்பதற்கு முன் அலமாரியிலிருந்த பழைய பாகங்களை எடுத்து மறுபடி படித்தேன்.

30 வயதை நெருங்கும்போது படித்தால் அது வேறு கதை.

ஆறாம் பாகத்தில் ஓர் இடம். கியோவின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு மணிமாலை இருக்கும். அதைக் கழற்றினால் அவன் பூனைகூட ஆகமாட்டான். அழுகிய நாற்றமடிக்கும் ஒரு கோர உருவமாக மாறிவிடுவான். அதுதான் பூனைச் சாபத்தின் உண்மை வடிவம். அவனை வளர்த்த குரு கசுமா, வேண்டுமென்றே தோருவின் முன்னால் அந்த மாலையைக் கழற்றிவிடுகிறார். தோரு மிரண்டுபோகிறாள். குமட்டுகிறது. மழையில் அவன் பின்னால் ஓடுகிறாள். போய் அவனைப் பிடித்துக்கொண்டு என்ன சொல்கிறாள் தெரியுமா? பயமில்லை என்று சொல்லவில்லை. பயமாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறாள். இருந்தாலும் சேர்ந்து வாழ வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும், சேர்ந்து கவலைப்பட வேண்டும் என்கிறாள்.

அதற்குப் பக்கத்திலேயே கியோவின் பெற்ற தாயை வைத்துக் காட்டுகிறார் தகாயா. அந்த அம்மா மகனை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தவர். பயமே இல்லை என்றும் சொன்னவர். ஆனால் நாளெல்லாம் அந்த மணிமாலை கையில் இருக்கிறதா என்று சோதித்தவர். மகனை வெளியே யார் கண்ணிலும் காட்டாமல் மறைத்து வைத்தவர். பிள்ளைக்குத் தெரியாதா? பயமில்லை என்று பொய் சொல்லும் அன்பு கியோவை உடைத்தது. பயமாக இருக்கிறது என்று உண்மை சொல்லிவிட்டு அருகில் நின்ற அன்பு அவனைத் தூக்கி நிறுத்தியது.

கடைசிப் பாகங்களில் தோருவைப் பற்றியும் ஓர் உண்மை வெளிவருகிறது. அவள் எல்லோரிடமும், அம்மாவிடம்கூட, மிக மரியாதையான மொழியில்தான் பேசுவாள். அது இயல்பான பணிவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது இறந்துபோன அப்பாவின் பேச்சு வழக்கு. கணவனை இழந்து நொறுங்கிப்போன அம்மா தன்னையும் விட்டுப் போய்விடக்கூடாது என்று ஒரு சிறுமி அப்பாவின் பேச்சை எடுத்து அணிந்துகொண்டாள். தேவைப்பட்டவளாக இருந்தால் விட்டுப் போகமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. எல்லோரையும் ஏற்றுக்கொண்ட தோரு, தன்னுடைய தனிமைப் பயத்தை மட்டும் கடைசிவரை மறைத்து வைத்திருந்தாள். நான் பாடநூலாக வைத்திருந்த பெண், தானே விடை தெரியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

இதைப் படித்த உடனே நான் மாறிவிடவில்லை. புத்தகம் படித்து யாரும் மறுநாள் காலையில் மாறுவதில்லை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து சப்பாத்திக்கு மாவு பிசைந்தேன்.

2023இல் எனக்கு டிங்கி வந்தது. ஐந்து நாள் மருத்துவமனை. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு வாரம் எழுந்து நடந்தால் கால் நடுங்கியது. அத்தைக்கு அப்போது 62 வயது. மூட்டுவலி. அவர்தான் சமைத்தார். நான் அறையில் படுத்துக்கொண்டு, சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கு நன்றியுணர்வு வரவில்லை, பயம்தான் வந்தது. நெஞ்சு படபடக்கும் பயம். ஒரு மாலை தாங்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், சட்டியில் எண்ணெய் ஊற்றினேன். அத்தை வந்து அடுப்பை அணைத்தார்.

"போய்ப் படு."

"இல்லத்தை, ஒரு ரசம் மட்டும்."

"படுன்னு சொல்றேன்ல."

அப்போது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. "நான் சமைக்கலன்னா என்னை எதுக்கு அத்தை இங்க வெச்சிருக்கீங்க?"

அத்தை என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். தானும் எதிரில் உட்கார்ந்தார். நெடுநேரம் மேசைத்துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"உன்னைக் கூட்டிட்டு வர்றேன்னு உங்க மாமா சொன்னப்ப, நான் வேணாம்னுதான் சொன்னேன்," என்றார். "மூணு புள்ளைங்க. ஒரு சம்பளம். வீட்டுக் கடன். பயந்துட்டேன். உன் மேல கோவம் இல்ல. பயம்."

நான் ஒன்றும் பேசவில்லை.

"நீ வந்த மறுநாளே அடுப்படில நின்ன. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. 'போய்ப் படி புள்ள'ன்னு உன்னை ஒரு நாள்கூட அனுப்பல. எம் புள்ளைங்கள அனுப்பினேன். அது எனக்குத் தெரியும். இத்தனை வருசமும் தெரியும்."

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் நாங்கள் கட்டிப்பிடித்து அழுதிருப்போம். எனக்குக் கோபம்தான் வந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எஸ்.பி.எம். நினைவுக்கு வந்தது. பாத்திரம் கழுவிய இரவுகள் நினைவுக்கு வந்தன. நான் வெள்ளை மனசுக்காரி, யார் மேலும் வருத்தமில்லாதவள் என்று நானே வரைந்து வைத்திருந்த படம் அன்றோடு கிழிந்தது. எனக்குள் 17 வருடக் கோபம் இருந்தது. அதன் மேல் தினமும் சோறு வடித்து, குழம்பு ஊற்றி மூடி வைத்திருந்தேன். என் மணிக்கட்டிலும் ஒரு மாலை இருந்திருக்கிறது. அது கழன்றால் வரும் உருவம் அழகானதல்ல.

மறுநாள் காலை கதவைத் திறந்தபோது வெந்தய வாசம். அத்தைக்கு வெந்தயக் கஞ்சி வாசமே ஆகாது. குமட்டும் என்பார். எனக்கு உடம்பு சரியில்லாதபோது அம்மா காய்ச்சித் தருவது அது. எப்போதோ ஒரு முறை நான் சொல்லியிருக்க வேண்டும். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு அத்தை அதைக் கிளறிக்கொண்டிருந்தார்.

கியோவுக்கு லீக் கீரை அறவே பிடிக்காது. அது சேர்ந்த எதையும் தொடமாட்டான். தோருவுக்குக் காய்ச்சல் வந்தபோது அவன்தான் லீக் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறான். அந்தக் காட்சியைப் படித்தபோதெல்லாம் நான் சிரித்திருக்கிறேன். அன்று கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சிரிக்க முடியவில்லை. கஞ்சியில் உப்பு கூடுதலாக இருந்தது. முழுவதும் குடித்தேன்.

பயந்தேன் என்று அத்தை சொல்லாமல் விட்டிருந்தால், அந்தக் கஞ்சியையும் நான் கணக்கில்தான் எழுதியிருப்பேன். எத்தனை நாள் சமைத்ததற்கு எத்தனை கிண்ணம் கஞ்சி என்று. வேண்டாம் என்று நினைத்த ஒருவர், பிறகு வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு என் தோசை மட்டும் காரணமாக இருக்க முடியாது. என்ன காரணம் என்று நான் கேட்கவில்லை. முதுகில் இருப்பதை நாமே திரும்பிப் பார்க்க முடியாது.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், முழுவதும் போகவில்லை. சில நாள் வரும். வந்தால் இப்போது அத்தையிடம் சொல்லிவிடுகிறேன். "இன்னிக்கு எனக்குச் சமைக்க மனசில்ல" என்று நான் முதன்முதலில் சொன்ன நாளில் மாமா கடைக்குப் போய் ரொட்டி சானாய் வாங்கி வந்தார். வானம் இடிந்து விழவில்லை. பெரிய தம்பிக்கு நன்றாகவே பருப்புக்கறி வைக்கத் தெரியும் என்பது எனக்கு 32 வயதில்தான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் நான் சமைக்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலையில் கணக்கியல் டிப்ளோமா வகுப்புக்குப் போகிறேன். என்னைவிடப் பத்து வயது சிறியவர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன்.

விந்தை என்னவென்றால், சமையல் எனக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்பது இப்போதுதான் தெரிகிறது. வாடகையாகக் கட்டிக்கொண்டிருந்தவரை எனக்குப் பிடித்த பலகாரம் எது என்றே யோசித்ததில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று மட்டும் மனப்பாடமாகத் தெரியும். அதனால்தான் அந்தச் சனிக்கிழமை, யாரும் கேட்காத, யாருக்கும் தேவைப்படாத ஓனிகிரியைச் செய்யத் தோன்றியது.

செய்வது எளிது. நம் பொன்னி அரிசியும் பாஸ்மதியும் சரிவராது, உதிர்ந்துவிடும். பேரங்காடியில் சூஷி அரிசி என்று கிடைக்கும் குட்டையான ஒட்டரிசி வேண்டும். வடித்த சோறு சூடாக இருக்கும்போதே உள்ளங்கையை நனைத்து, உப்பைத் தடவிக்கொண்டு, ஒரு பிடி எடுக்க வேண்டும். நடுவில் குழி செய்து ஊறுகாய் வைத்து மூட வேண்டும். இறுக்கிப் பிசையக்கூடாது. உருண்டை நிற்கும் அளவுக்கு மட்டும் அழுத்திக் கொடுத்தால் போதும். அதிகம் அழுத்தினால் சோறு கல்லாகிவிடும். உமெபோஷி கிடைக்கவில்லை. அத்தை போட்ட நார்த்தங்காய் ஊறுகாயை வைத்தேன்.

கதையின் முடிவை நான் சொல்லப் போவதில்லை. வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் இந்தத் தொடரைப் படிக்கக் கொடுங்கள், நீங்களும் படியுங்கள். நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த பிள்ளையாக இருந்தால், அவர்கள் படித்து முடித்த பிறகு ஒரு முறை, எதுவும் செய்யாமல் சும்மா உட்காரச் சொல்லி ஒரு தட்டுச் சோறு போட்டுக் கொடுங்கள்.

அத்தை ஒரு முக்கோணத்தை எடுத்துச் சந்தேகமாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு கடி கடித்தார். வெறும் சோறு. இன்னொரு கடி. ஊறுகாய் நாக்கில் பட்டதும் கண் சுருங்கியது.

"அட, உள்ள வெச்சிருக்கியா? வெளியில ஒண்ணும் தெரியல."

"ஆமாத்தை."

மென்று முடித்தார். மீதி இரண்டில் ஒன்றை மாமாவுக்கு மூடி வைத்தார். மற்றதைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார்.

"உப்பு கொஞ்சம் கம்மியா போடலாம். நின்னுக்கிட்டே இருக்காத, உக்காந்து சாப்பிடு."

உட்கார்ந்தேன்.